இயக்குநர் வரும் சத்தம்

ஒலிக் கட்டுப்பாட்டு இயக்ககத்தின் இயக்குநர் ஒரு நாள் காலை அலுவலகத்துக்கு வந்தபோது வாசல் காவலாளி எழுந்திருக்கவில்லை. இதைவிடப் பெரிய விபத்துகள் உலகில் நடந்திருக்கலாம். இயக்குநருடைய உலகில் நடந்ததில்லை.

காவலாளி நாற்காலியில் சாய்ந்து, தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு, கடமையில் ஆழ்ந்திருந்தார். இயக்குநரின் கார் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. புது வண்டி, டர்போ வைத்த வண்டி. பூனை நடந்து வருவதுபோல் வரும். ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. அடிக்க முடியாது. அந்தத் தெரு முழுவதும் ஹாரன் தடை என்று பலகை வைத்ததே இந்த இயக்ககம்தான். ஆகவே இயக்குநர் தன் சொந்தக் கேட்டுக்கு வெளியே, தன் சொந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, காவலாளி தாமாகக் கண் விழிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

அன்று பிற்பகல் ஓர் இளைஞன் அபராதம் கட்ட வந்தான். அவனுடைய காரின் பின்பக்கக் குழாய் வாளி அகலம் இருந்தது. இரண்டு தெரு தள்ளி வரும்போதே ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. காவலாளி துள்ளி எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கேட்டை அகலத் திறந்து நின்றார். அலுவலகம் மொத்தமும் ஜன்னலுக்கு வந்துவிட்டது. கண்காணிப்பாளர் அம்மாள், "யாரோ பெரிய ஆள் வர்றாங்க போல," என்று போனை வைத்தே விட்டார். அவர் போனை வைத்து யாரும் பார்த்ததில்லை.

மாடியிலிருந்து இயக்குநர் இதையெல்லாம் கவனித்தார். சட்டத்தை மீறியவனுக்குக் கேட் திறக்கிறது, சட்டத்துக்குத் திறப்பதில்லை. வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். இயக்குநர் சிந்தனையாளர். அவர் பாடம் கற்றுக்கொண்டார்.

ஊரில் அப்போது அதுதான் நாகரிகம். கார் வாங்கியவன் முதல் வேலையாகச் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, அகலமான நேர்குழாய் ஒன்றை மாட்டுவான். போகும் வேகம் முக்கியமில்லை, போவது தெரிய வேண்டும். சலவைத் துணி கொண்டுபோகும் வேன்காரர்கூட ஒன்று மாட்டியிருந்தார். இரண்டு போர்வை இறக்கிவிட்டுப் போவார், போர் முடிந்த மாதிரி இருக்கும். இயக்ககம் இப்படிப்பட்ட குழாய்களைப் பறிமுதல் செய்து, கொல்லைப்புறக் கிடங்கில் விறகு மாதிரி அடுக்கி வைத்திருந்தது.

மறுநாள் ஓர் ஆணை பிறந்தது. பறிமுதல் செய்யப்பட்ட ஒலிமிகு புகைக்குழாய்களின் கள நடத்தையை நேரில் ஆராய்ந்தறியும் பொருட்டு, அவற்றுள் தலைசிறந்த ஒன்றை இயக்குநரின் அலுவல் வாகனத்தில் பொருத்துவது பொதுநலன் கருதி அவசியமாகிறது. வாகனப் பொறியாளர் இதில் தொழில்நுட்ப ஆட்சேபணை ஏதுமில்லை என்று சான்றளிக்க வேண்டும்.

பொறியாளருக்கு ஆட்சேபணை இருந்தது. கூடவே மனைவியும் இருந்தார். மனைவி அரசு மருத்துவமனையில் செவிலியர். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஓர் ஊர், இவருக்கு ஓர் ஊர். போனிலேயே சண்டை போட்டுப் போட்டுச் சலித்துப்போய், இந்த வருஷம்தான் இருவருக்கும் ஒரே ஊரில் வேலை அமைந்து, நேருக்கு நேர் சண்டை போடும் பாக்கியம் கிட்டியிருந்தது. இயக்ககத்துக்கு மலை உச்சியில் ஒரு பட்டறை உண்டு. தொழில்நுட்ப ஆட்சேபணை உள்ளவர்களை அங்கேதான் அனுப்புவார்கள். அங்கே ஆட்சேபணையைக் கேட்க ஆள் கிடையாது, மூடுபனி கேட்கும்.

பொறியாளர் கையெழுத்துப் போட்டார். குழாய் ஏறியது. கழற்றிய பழைய சைலன்சரை அன்றைக்கே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அந்த அலுவலகத்தில் அன்றைக்கே முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

முதல் வாரம் பொற்காலம். கார் முக்குத் திரும்பும்போதே காவலாளி விறைப்பாக நின்றார். இயக்குநர் மாடி ஏறி வருவதற்குள் எல்லோருடைய மேஜையிலும் கோப்பு திறந்திருந்தது. பணித்திறன் மேம்பட்டதாக அறிக்கை ஒன்று தயாரானது.

இரண்டாவது வாரம் கார் மேம்பாலத்தில் ஏறும்போது, பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்தது மாதிரி பாய்ந்தது. இயக்குநரின் தலை இருக்கையில் மோதியது. அடுத்த நொடி வண்டியின் உயிரே போய்விட்டது. முன்பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. சத்தம் மட்டும் புலி, நடை நத்தை. சைக்கிளில் வந்த ஒருவர் கண்ணாடி வழியாக அனுதாபத்தோடு எட்டிப் பார்த்துவிட்டு முந்திப் போனார்.

வண்டி அலுவலக வளாகத்திலேயே இருந்த பொறியாளரின் பட்டறைக்கு வந்தது. ஓட்டுநரை அலுவலகமே சித்தப்பா என்றுதான் கூப்பிடும்.

"என்ன சித்தப்பா பண்ணுது?"

"எடுத்ததும் பாயுது சார். கொஞ்ச நேரத்துல படுத்துக்குது. நம்ம ஆபீஸ்ல புதுசா சேர்றவங்க மாதிரி."

பொறியாளர் முறைப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரப்பர் ஹோஸ்களில் கசிவு இல்லை. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு சொன்னபடி கேட்டது. டர்போவின் சின்னக் கதவை இழுக்கும் கம்பி முழு நீளத்துக்கும் வந்து போனது. ஸ்கேனரைச் செருகினார். காற்றழுத்தம் நிர்ணயித்த வரம்பை மீறிவிட்டது என்று திரை சொன்னது.

விஷயம் ரொம்ப எளிது. இன்ஜின் வெளியே விடும் புகையின் வேகத்தில் டர்போ சுற்றும். சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும். ரொம்பச் சுற்றிவிடக் கூடாதென்று பக்கத்தில் ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறார்கள். அழுத்தம் ஏறினால் கதவு திறந்து, கொஞ்சம் புகை டர்போவைத் தொடாமல் ஒதுங்கிப் போய்விடும். பழைய சைலன்சர் குறுகல். புகை வரிசையில் நின்று போயிற்று, அந்தக் கதவே தாராளமாக இருந்தது. புதுக் குழாயில் தடையே இல்லை. புகை திறந்த வீட்டில் நுழைந்த மாதிரி ஓடுகிறது, டர்போ வெறி பிடித்துச் சுற்றுகிறது, கதவு முழுக்கத் திறந்தும் போதவில்லை. அழுத்தம் எகிறுகிறது. இன்ஜின் வெடித்துவிடுமோ என்று பயந்து வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் எரிபொருளைக் குறைத்து நொண்டி நடையில் விட்டுவிடுகிறது. அந்த அலுவலக வளாகத்தில் வரம்புக்குப் பயந்த ஒரே ஜீவன் அந்தக் கம்ப்யூட்டர்தான்.

பொறியாளர் மாடி ஏறினார்.

"சார், காரணம் குழாய்தான்."

"எந்தக் குழாய்?"

"நாம மாட்டினது சார்."

"ஆய்வுப் பொருளைச் சொல்றீங்களா?"

"ஆமா சார்."

"ஆய்வு முடிஞ்சுதா?"

"இல்ல சார்."

"முடியாத ஆய்வுக்கு முடிவு சொல்றீங்களே தம்பி. படிச்சவர் நீங்க." இயக்குநர் கோப்பைத் திறந்து விரலை வைத்தார். "ஆட்சேபணை இல்லைன்னு போட்டிருக்கே, இது யார் கையெழுத்து?"

"என்னோடது சார்."

"லட்சணமான கையெழுத்து. இதைப் பொய்யாக்கலாமா?"

இயக்குநர் ஜன்னலைக் காட்டினார். தூரத்தில் மலை தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை துறைச் செயலாளர் மலை மேல விருந்தினர் மாளிகைக்கு வர்றார். நான் போய் வரவேற்கணும். நான் வர்றது அவர் காதுல விழணும். மேல பட்டறையிலயும் ஒரு இடம் காலியா கிடக்கு. யாராவது ஒருத்தர் மலை ஏறித்தான் ஆகணும் தம்பி. வண்டியா, நீங்களான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

அதற்கிடையில், குழாயைத் தவிர்த்து ஏனைய காரணங்களைக் கண்டறிய ஒரு குழு அமைக்கப்பட்டது. கண்காணிப்பாளர் அம்மாள் தலைவர், கணக்கு அதிகாரி உறுப்பினர். பொறியாளர் சிறப்பு அழைப்பாளர். அதாவது டீ சொல்ல வேண்டியவர்.

"வரம்பை மீறினது யாரு?" என்று அம்மாள் தொடங்கினார்.

"டர்போ, மேடம்."

"தெரிஞ்சே மீறிச்சா, தெரியாம மீறிச்சா?"

"அதுக்கு அப்படியெல்லாம் தெரியாது மேடம். இரும்பு."

"இரும்பா இருந்தாலும் ஆபீஸ் இரும்புதானே? விளக்கம் கேப்போம்."

விளக்கம் கேட்டு ஒரு மெமோ காரின் முன்மூடியில் ஒட்டப்பட்டது. பதில் வரவில்லை. நினைவூட்டு ஒட்டப்பட்டது. அதற்கும் வண்டி மௌனம் சாதித்தது. மௌனம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும் என்ற விதியின் கீழ் குழு மீண்டும் கூடியது.

"தண்டனையா அழுத்தத்தைக் குறைச்சிடலாம்," என்றார் அம்மாள்.

"அதைத்தான் மேடம் கம்ப்யூட்டர் இப்போ செஞ்சிட்டிருக்கு. அதனாலதான் வண்டி ஓடல."

"அப்போ தண்டனை ஏற்கெனவே அமல்ல இருக்கு. ஃபைலை மூடிடலாமே!"

"வண்டி ஓடணுமே மேடம்..."

இதுவரை பிஸ்கட்டில் கவனமாக இருந்த கணக்கு அதிகாரி நிமிர்ந்தார். "வரம்பை மீறினதுதானே பிரச்சினை? வரம்பை உயர்த்திட்டா மீறலே இல்லையே. கம்ப்யூட்டருக்கு ஒரு சுற்றறிக்கை போட்டா போச்சு."

"உயர்த்தினா இன்ஜின் வெடிச்சிடும் சார்."

"வெடிக்கிறது இன்ஜின் தலைப்பு தம்பி. இந்தக் கமிட்டிக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு வரம்பு. நாம ஏன் அடுத்தவன் தலைப்புல கை வைக்கணும்?"

குழு இந்தக் கருத்தை வரவேற்றுக் கலைந்தது.

சாயங்காலம் பொறியாளர் வீட்டுச் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். மனைவி காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க வார்டுல பிரஷர் ஏறினா ஆளுக்கு மருந்து கொடுப்போம். உங்க ஆபீஸ்ல பிரஷர் பாக்கற மிஷினைத் திருத்துவீங்களாக்கும்."

"சிரிக்காதே. வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டி ஏறலைன்னா நான் ஏறணும்."

கத்தி நின்றது. "மறுபடியும் போன்லயா?"

"மறுபடியும் போன்ல."

"முடியவே முடியாதுங்க. போன்ல நான் பாதி திட்டும்போதே, சிக்னல் இல்லைன்னு கட் பண்ணிடுவீங்க." அவர் கொஞ்சம் யோசித்தார். "அந்தக் குழாயைக் கழட்டினாத்தான் சரியாகுமா?"

"கழட்டணும். ஆனா கழட்டக் கூடாது."

"குழந்தைங்க வார்டு மாதிரிதான். பொம்மையைப் பிடுங்கினா ஊரைக் கூட்டும். பொம்மையைக் கையில விட்டுட்டு, ஊசியைப் பின்னால போட்டுடுவோம். குழாய் வெளியில அப்படியே பளபளன்னு இருக்கட்டும். உள்ள என்ன இருக்குன்னு உங்க சார் மல்லாந்து படுத்தா பாக்கப் போறார்?"

பொறியாளர் மனைவியை வணங்காத குறையாகப் பார்த்தார். மறுநாள், நடுவில் துளையிட்ட ஓர் இரும்புத் தகட்டைக் குழாய்க்குள் வைத்துப் பற்றவைத்தார். பின்னால் எஃகுப் பஞ்சை அடைத்து மூடினார். வெளியே பார்த்தால் வாளி அகலம். உள்ளே பழைய சைலன்சரின் தம்பி. மேம்பாலத்தில் ஏற்றி இறக்கினார். அழுத்தம் வரம்புக்குள் சமர்த்தாக நின்றது. மஞ்சள் விளக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை கார் பூனையாகக் கேட்டுக்கு வந்தது. காவலாளி தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் இயக்குநர், மாடிக்கு வந்து சேர்ந்ததும். "ஆய்வுப் பொருள் ஊமையாப் போச்சே?"

"வண்டி மலை ஏறும் சார். உத்தரவாதம்."

"ஏறி என்ன பிரயோஜனம்? ஏறினது தெரிய வேண்டாமா?"

பொறியாளரின் கண்ணில் மூடுபனி படர்ந்தது. அப்போது அவரைக் காப்பாற்றியது கண்காணிப்பாளர் அம்மாள்தான். "கிடங்குல பறிமுதல் பண்ணின ஸ்பீக்கர்ங்க நிறைய இருக்கே சார். சும்மாதானே தூங்குது?"

ஸ்பீக்கர் இருந்தது. சத்தத்துக்கு எங்கே போவது? சித்தப்பா கூச்சத்தோடு தன் போனை எடுத்தார். பொற்கால வாரத்தில் அந்தக் குழாயின் கர்ஜனையை அவர் பதிவு செய்து, தன் மாமனார் கூப்பிடும்போது ஒலிக்கும்படி வைத்திருந்தார்.

ஒரு ஸ்பீக்கர் காரின் அடியில் மறைவாகப் பொருத்தப்பட்டது. ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சுவிட்ச். கோப்பில் அதன் பெயர் ஒலி மீட்புக் கருவி. பொறியாளர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டார். பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை கார் மலை ஏறியது. பின்னால் இயக்குநர், முன்னால் சித்தப்பா, பக்கத்தில் மடியில் கருவிப் பையோடு பொறியாளர். இன்ஜின் ஓசையில்லாமல் தன் வேலையைச் செய்தது. ஸ்பீக்கர் வேலை எதுவும் செய்யாமல் முழங்கியது. அலுவலக இலக்கணப்படி எல்லாம் சரியாகவே இருந்தது. பாதி வழியில் இயக்ககத்தின் சொந்தச் சோதனைச்சாவடி. சத்தம் அளக்கும் கருவியோடு ஆய்வாளர் சாலையில் பாய்ந்தார், உள்ளே இருப்பவரைப் பார்த்தார், சல்யூட் அடித்தார். பதிவேட்டில் கருவி பழுது என்று எழுதினார். வழியெல்லாம் லாரிகள் ஒதுங்கின, பஸ்கள் ஒதுங்கின. பஸ்ஸுக்குள் இருந்த நீங்களும் நானும், "யாரு சார் அது?" என்று மரியாதையாக எட்டிப் பார்த்தோம்.

மேலே விருந்தினர் மாளிகைத் தாழ்வாரத்தில் செயலாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பள்ளத்தாக்கிலிருந்து முழக்கம் எழுந்தது. அவர் கோப்பையை வைத்தார். எழுந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டார். தன்னைவிடப் பெரியவர் யாரோ வருகிறார் என்று படியிறங்கி, கை குவித்து நின்றார். கார் வந்து நின்றது. இயக்குநர் இறங்கினார்.

சித்தப்பா சுவிட்சை அணைத்தார். மலை முழுக்க அமைதி.

"நான்," என்றார் செயலாளர் மெதுவாக, குவித்த கையைப் பிரித்துக்கொண்டே, "உங்களுக்கா எழுந்து நின்னேன்?"

இயக்குநரின் முகத்தில் ஓய்வூதியம் முழுவதும் வந்து போனது. பொறியாளர் கருவிப் பையை இறுகப் பிடித்துக்கொண்டார். செயலாளர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குழாயைப் பார்த்தார். குனிந்தார். மலை ஏறி வந்த காரியமே கெட்டது என்று இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது," செயலாளர் குரலைத் தாழ்த்தினார், "என் வண்டிக்கும் மாட்ட முடியுமா?"

"தாராளமா சார்!"

"யார் கைவேலை?"

இயக்குநர் பெருந்தன்மையுள்ளவர். அடுத்தவர் உழைப்பைத் திருடும் பழக்கம், ஆபத்து நீங்காத நேரத்தில், அவருக்குக் கிடையாது. பொறியாளரின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

ஆணை உடனே வந்தது. அரசு வாகனங்கள் அனைத்திலும் ஒலி மீட்புக் கருவி பொருத்தப்படும். வாகனங்கள் மலை ஏறும் தகுதியையும் சேர்த்தே சோதித்துவிடலாம் என்பதால், பணி முழுவதும் மலை உச்சிப் பட்டறையில் நடைபெறும். இந்த அரிய பொறியாளரே அதன் சிறப்பு அதிகாரி. பதவி உயர்வு உண்டு, தனி வாகனம் உண்டு, குடும்பத்தோடு தங்க இடம் இல்லை.

"பாத்தீங்களா தம்பி," என்று இயக்குநர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வண்டியா நீங்களான்னு கேட்டேன். ரெண்டு பேருமே ஏறிட்டீங்க!"

பொறியாளர் மறுபடியும் போனில் சண்டை போடத் தொடங்கினார். மலையில் சிக்னல் உண்மையாகவே கிடைக்காது. இந்த முறை மனைவி அதை நம்பவில்லை.

முதல் சனிக்கிழமை சாயங்காலம் அவர் தன் தனி வாகனத்தில், ஓசையில்லாமல் ஊருக்கு இறங்கி வந்தார். மனைவி இருக்கும் செவிலியர் குடியிருப்பு மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கிறது. கேட் மூடியிருந்தது. அங்கேயும் ஒரு காவலாளி, ஒரு நாற்காலி, ஒரு தொப்பி. பக்கத்தில் ஹாரன் தடை என்று இயக்ககம் வைத்த பலகை. பொறியாளர் கண்ணாடியை இறக்கி, "ஐயா," என்று கூப்பிட்டார். "அண்ணே," என்றார். இருமினார். தொப்பி அசையவில்லை. மாடியில் வீட்டு விளக்கு எரிவது தெரிந்தது. வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த சண்டை அங்கே காத்திருந்தது.

அவர் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். சுவிட்சைப் போட்டார்.

காவலாளி துள்ளி எழுந்து சல்யூட் அடித்தார். கேட் அகலத் திறந்தது. மாடிகளில் எல்லோரும் எழுந்து வந்து நின்றார்கள். மருத்துவமனையில் நோயாளிகள்கூட எழுந்து உட்கார்ந்ததாகச் சொல்கிறார்கள். அவர்களில் சிலரை மருத்துவர் எழ வைக்க முயன்று கைவிட்டிருந்தாராம். எழுந்து நின்றவர்களில் பொறியாளரின் மனைவியும் ஒருவர்.

கோபத்தில்தான் எழுந்தேன் என்று அவர் இன்றுவரை சொல்கிறார். நம்ப வேண்டியதுதான். காவலாளியும் அதையேதான் சொல்கிறார். செயலாளரும் சொல்கிறார். அன்றைக்குப் பஸ்ஸில் எழுந்து எட்டிப் பார்த்த நாமும் வேறென்ன சொல்லப் போகிறோம்?